தகவலாளியா, சாட்சியா? மானிடவியல் படிப்பு குறித்துச் சில கேள்விகள்

1

மானிடவியல் என்றால் மனிதரைப் பற்றிய அறிவியல் என்று முதலாண்டுப் பாடப்புத்தகம் சொல்கிறது. எந்த மனிதரைப் பற்றி, எந்த மனிதர் எழுதுகிறார், யார் படிப்பதற்காக என்ற கேள்விகளை அந்த வரையறை கேட்பதில்லை. நாம்தான் கேட்டாக வேண்டும். ஏனென்றால் இந்தப் படிப்பு இந்த மண்ணுக்கு வந்த நாளிலிருந்து அதற்குக் கச்சாப்பொருளாக இருந்தவர்கள் சேரிக்காரர்களும், மலைமக்களும், 'குற்றப்பரம்பரை' என்று முத்திரை குத்தப்பட்டவர்களும்தான்.

எங்கள் பகுதியில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண், பி.எஸ்சி. மானிடவியலுக்கு விண்ணப்பம் போடலாமா என்று என்னிடம் கேட்டாள். "அண்ணா, அதுல மனுசங்களப் பத்தியே படிக்கலாமாம்ல?" என்றாள். வீட்டில் கேட்டது வேறு கேள்வி. "அதப் படிச்சா என்னா வேல கெடைக்கும்?" வீட்டுக்காரர்களின் கேள்வியை ஏளனம் செய்கிறவன் நானில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற பிள்ளையின் படிப்பு சோறு போடுமா என்று பார்க்காமல் இருக்க முடியாது. அதற்குப் பதில் உண்டு. குடிமைப்பணித் தேர்வில் மானிடவியலை விருப்பப்பாடமாக எடுக்கிறவர்கள் நிறையப் பேர். இந்திய அரசு 1945இல் மானிடவியலுக்கென்றே தொடங்கிய ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அருங்காட்சியகங்கள், பழங்குடி ஆய்வு மையங்கள், தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. இளங்கலையோடு நின்றால் இந்தக் கதவுகளில் பாதி திறக்காது, மேலே படிக்க வேண்டும். இதை மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

ஆனால் அவள் கேட்டதற்குப் பதில் இது இல்லை. மனுசங்களப் பத்திப் படிக்கலாம் என்கிறாளே, நம்மையும் மனுசங்க என்றா அந்தப் படிப்பு படித்தது? நம்மை அளந்த கோலை நாம் கையில் எடுக்கலாமா? எடுத்தால் யாரை அளப்பது? இது வேலைவாய்ப்புப் பிரச்சினை இல்லை, அறம் சார்ந்த பிரச்சினை. இயக்கத் தோழர்களோடும் மாணவர்களோடும் பலமுறை பேசியதை இங்கே எழுத்தில் வைக்கிறேன்.

2

இளங்கலையில் மானிடவியல் படிக்கிறவர் நான்கு கிளைகளைத் தொட்டுப்பார்க்கிறார். உடல்சார் மானிடவியல், தொல்லியல், சமூகப் பண்பாட்டு மானிடவியல், மொழிசார் மானிடவியல். செய்முறை வகுப்பில் மண்டையோட்டையும் எலும்புகளையும் கையில் எடுத்து அடையாளம் காணப் பழகுகிறார்கள். காலிப்பர் என்ற இடுக்கிக் கருவியால் தலையின் நீள அகலத்தையும் மூக்கின் நீள அகலத்தையும் அளக்கிறார்கள். ஒரு மாணவர் இன்னொரு மாணவரை அளப்பார், பிறகு இவர் அவரை அளப்பார். அதில் ஒன்றும் தப்பில்லை. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், இருவரும் மாறி மாறி அளக்கிறார்கள்.

வகுப்பறைக்கு வெளியே அந்தக் கருவிக்கு வேறு வரலாறு இருக்கிறது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கிய ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து வருகிற எண்ணை வைத்துச் சாதியின் உயர்வு தாழ்வையே காட்டிவிடலாம் என்று நம்பியவர். மூக்கு அகல அகலச் சாதி இறங்குமாம். சென்னையில் 1885 முதல் 1908 வரை அரசு அருங்காட்சியகத்துக்குக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அதே கருவியோடு ஊர் ஊராகப் போனார். கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்று தமிழிலும் கொண்டுவந்திருக்கிறது. இன்றைக்கும் தமிழ் ஆய்வேடுகளில், சாதிச் சங்க மலர்களில் அந்தப் பெயர் மேற்கோளாக வந்துகொண்டே இருக்கிறது.

அந்த நூலின் முன்னுரையில் ஒரு செய்தி உண்டு. வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிப்போனார்களாம். தங்களில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்து மெட்ராஸ் மியூசியத்தில் நிறுத்தப்போகிறார் என்று பயந்தார்களாம். அப்படிச் செய்ய முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும், உருவ மாதிரிகள் கிடைக்காத கஷ்டம் தீர்ந்துவிடும் என்று தர்ஸ்டன் அதைக் கிண்டலாக எழுதியிருக்கிறார். காட்டுமக்களின் அறியாமைக்கு உதாரணமாக அவர் சொன்ன கதை இது. எனக்கு அப்படிப் படவில்லை. அந்தப் பெண்கள் சரியாகவே புரிந்துகொண்டார்கள். தன்னைப் பார்க்க வந்தவன் தன்னோடு பேச வரவில்லை, தன்னை எடுத்துப்போக வந்திருக்கிறான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அளவெடுக்கும் வித்தையைத் தர்ஸ்டன் போலீஸ்காரர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 1871இல் வடக்கே வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. எந்தச் சாதி எப்படிப்பட்டது என்று அறிஞர் எழுதிவைக்கிற பழக்கமும், எந்தச் சாதியைக் காவலில் வைப்பது என்று அரசு எழுதிவைக்கிற பழக்கமும் ஒரே காலத்தில் வளர்ந்தவை. கருவி இப்போது மாறிவிட்டது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 2023இல் விசாரணை மரபணுச் சோதனைக்குப் போனபோது, ரத்தம் கொடுக்க அழைக்கப்பட்டவர்களில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களும் இருந்தார்கள். முதலில் பலர் கொடுக்க மறுத்தார்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் பணியர் பெண்கள் ஏன் ஓடினார்கள் என்பது அந்த மறுப்பைப் பார்த்தால் விளங்கும்.

இதனால்தான் சில தோழர்கள் "இது வெள்ளைக்காரன் நம்மள ஆள்றதுக்குக் கொண்டுவந்த படிப்பு, தூக்கிப் போடு" என்கிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. மூக்களவையால் நம்மை வேற்று இனம் என்று சொன்னவர்களுக்கு அம்பேத்கர் என்ன பதில் கொடுத்தார்? 'தீண்டப்படாதவர்கள்' (1948) நூலில் அவர் அந்த அளவுகளைத் தூக்கிப் போடவில்லை. அவற்றையே எடுத்து மேசைமேல் வைத்தார். மாகாணம் மாகாணமாகப் பார்ப்பனர்களின் மூக்களவையும் தீண்டப்படாதவர்களின் மூக்களவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, உங்கள் அறிவியல் உண்மையானால் இருவரும் ஒரே இனம்தான் என்று முடித்தார். காலிப்பரைப் பிடிக்கத் தெரியாதவரால் அந்தப் பதிலைச் சொல்லியிருக்க முடியாது.

3

உடலை அளந்த காலம் போய் ஊரை ஆராயும் காலம் வந்தது. நாடு விடுதலை பெற்ற பிறகு மானிடவியலாளர்கள் கிராமங்களுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கினார்கள். இளங்கலை மாணவர்கள் இன்று படிக்கிற முக்கியமான நூல்கள் இந்தக் களப்பணிகளில் பிறந்தவை. இந்த நூல்களைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது ஒன்றே ஒன்றுதான். எழுதினவர் எந்தத் தெருவில் தங்கினார்?

எம். என். சீனிவாஸ் 1948இல் மைசூருக்குப் பக்கத்தில் ராம்புரா என்று அவர் பெயர் வைத்த ஊரில் தங்கினார். தங்கிய வீடு ஊர்த்தலைவருக்குச் சொந்தமானது. ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்தில் ஸ்ரீபுரம் என்று அவர் பெயர் வைத்த ஊரில் அக்கிரகாரத்தில் தங்கினார். அங்கே தங்கியதால் மற்றவர்கள் தன்னைப் பார்ப்பனர் பக்கத்து ஆளாகவே பார்த்தார்கள் என்றும், சேரியோடு தாராளமாகப் பழக முடியவில்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். நேர்மையான வாக்குமூலம், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அக்கிரகாரத் திண்ணையிலிருந்து பார்த்தால் எது எவ்வளவு தூரத்தில் தெரியுமோ, அந்தத் தூரத்தில்தான் அந்த நூலிலும் சேரி தெரிகிறது.

சேரியையே ஆராய வந்தவர்களும் உண்டு. மைக்கேல் மொஃபாட் என்ற அமெரிக்கர் செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பறையர் மக்களிடையே களப்பணி செய்து 1979இல் நூல் வெளியிட்டார். அவர் கண்ட முடிவு என்ன? தீண்டப்படாதவர்கள் சாதி அமைப்போடு கருத்தளவில் உடன்படுகிறார்கள், தங்களை விலக்கிவைத்த அதே ஏற்பாட்டைத் தங்களுக்குள்ளும் படியெடுத்துக்கொள்கிறார்கள் என்பது. இதே செங்கல்பட்டு வட்டாரத்தில் வேலைசெய்த ஜோன் மென்ச்சர் 1974இல் எழுதிய கட்டுரையில் நேர் எதிரான முடிவுக்கு வந்திருந்தார். கீழே இருந்து பார்க்கிறவர்களுக்குச் சாதி ஒரு சுரண்டல் ஏற்பாடாகவே தெரிகிறது, தர்மம் கர்மம் என்ற விளக்கமெல்லாம் மேலே இருப்பவர்களின் விளக்கம் என்றார் அவர்.

ஒரே மாவட்டம், ஏறக்குறைய ஒரே காலம், ஒரே மக்கள். முடிவு மட்டும் ஏன் இரண்டாக வருகிறது? மொஃபாட் பொய் எழுதினார் என்று நான் சொல்லமாட்டேன். நமக்குள் உட்சாதி இருக்கிறது, அதில் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. அதை மறைக்கிறவன் தலித் எழுத்தாளன் இல்லை. ஆனால் செய்வதற்கும் ஒப்புக்கொள்வதற்கும் நடுவே இருக்கிற இடத்தை அவர் பார்க்கவில்லை. நிலக்காரர் எதிரே எங்க தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு "ஆமாங்க சாமி" என்றார். வீட்டுக்கு வந்து அதே ஆளைப் பற்றி அவர் பேசியதை இங்கே அச்சில் போட முடியாது. முதல் பேச்சு மட்டும் நோட்டுப்புத்தகத்தில் ஏறினால் அது உடன்பாடு. இரண்டாவதும் ஏறினால் அது எதிர்ப்பு. எது ஏறும் என்பது தாத்தா கையில் இல்லை, கேட்கிறவர் எந்தத் தெரு வழியாக வந்தார் என்பதில் இருக்கிறது.

பாடப்புத்தகச் சொற்களிலும் இதே சங்கதிதான். ஊர்ச் சாதிகள் ஒன்றுக்கொன்று ஊழியம் செய்து தானியம் பெறும் ஏற்பாட்டை வில்லியம் வைசர் 1936இல் 'ஜஜ்மானி முறை' என்று விவரித்தார். பரஸ்பர உதவி என்ற பொருளில் பிறகு எத்தனையோ பேர் அதை எழுதினார்கள். பிணம் சுமந்ததுக்கும், செத்த மாட்டை இழுத்ததுக்கும், இழவு சொல்லப் போனதுக்கும் களத்துமேட்டில் நமக்கு அள்ளிப்போட்ட பங்குக்குத் தமிழ்நாட்டில் என்ன பெயர் தெரியுமா? 'சுதந்திரம்'. மாமூலாக வரவேண்டிய உரிமைப் பங்கு என்று பொருளாம். வேண்டாம் என்று சொல்ல முடியாத வேலைக்கு, கேட்டு வாங்க முடியாத கூலிக்கு, சுதந்திரம் என்று பெயர். பரஸ்பரம் என்று எழுதுகிறவர் ஒருநாளாவது அந்தக் களத்துமேட்டில் முறத்தோடு நின்றிருக்க வேண்டும்.

4

நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். எங்களைப் போன்றவர்களுக்கு மானிடவியல் அறிமுகமானது நாட்டார் வழக்காற்றியல் தாள் வழியாகத்தான். 1990இல் வந்த பக்தவத்சல பாரதியின் 'பண்பாட்டு மானிடவியல்' போன்ற நூல்கள் தமிழிலேயே இந்தத் துறையைப் படிக்க வழி செய்தன. களப்பணி என்ற சொல்லை நாங்கள் அங்கேதான் கற்றோம். 'தகவலாளி' என்ற சொல்லையும்தான்.

ஒப்பாரி சேகரிக்க என் வகுப்பு மாணவர்கள் சிலர் எங்கள் தெருவுக்கே வந்தார்கள். எங்க ஆயா ஒப்பாரியில் பேர்போனவர். பக்கத்து ஊர் இழவுக்கும் ஆள் அனுப்பிக் கூட்டிப்போவார்கள். பதிவுக் கருவியை முன்னால் வைத்து, "பாடுங்க பாட்டி" என்றார்கள். ஆயா சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, யாரு செத்துட்டாங்கன்னு இப்ப என்னப் பாடச் சொல்றீங்க?" என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. "எழவு இல்லாம ஒப்பாரி வெச்சா வூட்டுக்கு ஆவாது. எம் மவன் செத்தப்ப பாடுனேன். அத இப்ப எதுக்குத் திரும்பப் பாடணும்? அவன் என்னா திரும்பவா சாவப்போறான்?"

வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. மரியாதையாகத்தான் பேசினார்கள், டீ குடித்தார்கள், எங்கள் வீட்டுத் தம்ளரில்தான் குடித்தார்கள். பிரச்சினை அவர்கள் கையில் இருந்த படிவத்தில் இருந்தது. தகவலாளி பெயர், வயது, சாதி, தொழில், கல்வி. ஆயாவுக்கு நேரே 'கூலி' என்றும் 'கல்வி: இல்லை' என்றும் எழுதிக்கொண்டார்கள். செத்தவருடைய பிறப்பு, பிழைப்பு, கடன், அவரை ஏமாற்றியவன் பெயர் எல்லாவற்றையும் நின்ற இடத்தில் பாட்டாகக் கட்டுகிறவருக்குக் கல்வி இல்லையாம். ஆய்வேடுகளைப் புரட்டிப் பாருங்கள். தகவலாளியின் பெயர் பின்னிணைப்பில் இருக்கும். முடிவு கட்டுகிறவரின் பெயர் முகப்பட்டையில் இருக்கும்.

தகவலாளிக்கும் சாட்சிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் எனக்குப் பிடிபட்டது. இருவரும் நடந்ததைச் சொல்கிறவர்கள்தான். தகவலாளி சொன்னதற்கு என்ன பொருள் என்பதை வேறொருவர் தீர்மானிக்கிறார். சாட்சி தான் சொன்னதன் பொருளையும் தானே சொல்கிறார், அதற்குப் பொறுப்பும் ஏற்கிறார். எதிர்க்கேள்வி கேட்டால் பதில் சொல்கிறார், 'யாரு செத்துட்டாங்க' என்று எதிர்க்கேள்வியும் போடுகிறார். ஆயாவைப் படிவம் தகவலாளியாகப் பார்த்தது. ஆயா சாட்சியாகப் பேசினார். பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்தபோது தமிழில் நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். அதுவரை தகவலாக மட்டும் இருந்த ஒரு தெரு சாட்சி சொல்ல ஆரம்பித்தது.

ஊர்ப்பெயர் விவகாரத்தையும் இங்கே பேச வேண்டும். மானிடவியலில் ஊருக்குப் புனைபெயர் வைப்பது ஒரு அறநெறி. தகவல் தந்தவர்களுக்குத் தீங்கு வரக்கூடாது என்பது நோக்கம். ஸ்ரீபுரமும் ராம்புராவும் அப்படி வந்த பெயர்கள். கேத்லீன் கஃப் 1950களின் தொடக்கத்தில் தஞ்சையில் ஆராய்ந்த கும்பபேட்டையும் அப்படித்தான். இந்த நெறி பல நேரங்களில் சரி. சாட்சி சொன்ன பெண்ணை ஊரார் தேடிவந்து அடிக்கிற நாட்டில் பெயர் மறைப்பது ஒரு பாதுகாப்பு. ஆனால் புனைபெயர் ஒடுக்கப்பட்டவரை மட்டுமா மறைக்கிறது? சவுக்கால் அடித்தவனையும் சாணிப்பால் ஊற்றியவனையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது. நம்முடைய வரலாற்றில் ஊர்ப்பெயர்தான் எல்லாம். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்ட ஊருக்குக் கீழவெண்மணி என்று பெயர். 1997 ஜூன் 30இல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்த ஐந்து பேரும் வெட்டப்பட்ட ஊருக்கு மேலவளவு என்று பெயர். இந்த ஊர்களுக்குப் புனைபெயர் வைத்து ஒரு நூல் வந்தால் அதை நாம் அறநெறி என்போமா? யாரை மறைப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்று முடிவுசெய்யும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு இருக்க வேண்டும். ஆய்வாளருக்கு வசதியான ஒரே விதி எல்லா இடத்திலும் அறமாகிவிடாது.

5

இந்தப் படிப்பு வேண்டாம் என்றுதானே இதெல்லாம் காட்டுகிறது என்று கேட்கலாம். நான் அதற்கு எதிராகத்தான் சொல்கிறேன். இந்தத் துறையில் நம் ஆள் ஒருவர் எப்படி நுழைந்தார் என்பதைப் பார்ப்போம்.

1916 மே 9ஆம் நாள். நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகம். அலெக்சாண்டர் கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கு. 25 வயது மாணவர் ஒருவர் 'இந்தியாவில் சாதிகள்: அவற்றின் இயங்குமுறை, தோற்றம், வளர்ச்சி' என்ற கட்டுரையை வாசிக்கிறார். அந்த மாணவர் பீமராவ் அம்பேத்கர். அடுத்த ஆண்டு 'இந்தியன் ஆன்டிக்குவரி' இதழில் கட்டுரை அச்சாகிறது. இனங்களுக்குள் உயர்வு தாழ்வு உண்டு என்ற வாதத்தை உடைத்துக்கொண்டிருந்த ஃபிரான்ஸ் போவாஸ் பணியாற்றிய பல்கலைக்கழகம் அது. கோல்டன்வைசரும் அவருடைய மாணவர்தான்.

அந்த அறையில் அந்த இளைஞரிடம் எல்லாரும் எதை எதிர்பார்த்திருப்பார்கள்? இந்தியாவிலிருந்து வந்த தீண்டப்படாத சாதி மாணவர், மகர் சேரியைப் பற்றிச் சொல்லுவார், அவர்களுடைய சடங்கு, சாப்பாடு, துன்பம். அவரைவிட நல்ல தகவலாளி யார் கிடைப்பார்? ஆனால் அவர் அதைச் செய்யவில்லை. பார்ப்பனர் பக்கம் விரலை நீட்டினார். புறமணம் பழக்கமாயிருந்த ஒரு நாட்டில் அகமணத்தை அதன்மேல் ஏற்றி வைத்ததுதான் சாதி என்றார். தன் கூட்டத்துக்குள்ளேயே மணக்க வேண்டும் என்று விதித்துவிட்டால், கணவன் செத்த பெண்ணும் மனைவி செத்த ஆணும் கணக்கில் மிஞ்சிப்போகிறார்கள். பெண்ணை எரிக்கலாம், இல்லையானால் ஆயுளுக்கும் விதவையாக வைக்கலாம். ஆணுக்கு இன்னும் பருவம் எய்தாத சிறுமியைக் கட்டிவைக்கலாம். உடன்கட்டையும் கைம்மையும் குழந்தை மணமும் ஏன் வந்தன என்பதற்கு அந்த இளைஞர் தந்த விடை இது. கதவை முதலில் சாத்தியவர்கள் மேலே இருந்தவர்கள், அதைப் பார்த்து மற்றவர்களும் சாத்தினார்கள், சிலர் வெளியே மாட்டிக்கொண்டார்கள் என்பது அவர் விளக்கம்.

அவர் சேரியை விவரிக்கவில்லை, சேரியை உண்டாக்கியதை விளக்கினார். என் கட்டுரையின் மையம் இந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கிறது. ஒடுக்கப்பட்டவர் மானிடவியல் படிக்க வரும்போது துறை அவருக்கு ஒரு நாற்காலியைத் தயாராக வைத்திருக்கிறது. 'உன் மக்களைப் பற்றி எழுது, உனக்குத்தான் உள்ளே போக முடியும்.' அது மரியாதை போலத் தெரியும். உண்மையில் தகவலாளிக்குப் பட்டம் கொடுத்து அதே இடத்தில் உட்கார வைப்பது அது. அம்பேத்கர் அந்த நாற்காலியில் உட்காரவில்லை.

அவருடைய ஊகத்துக்கு 97 ஆண்டுகள் கழித்து வேறொரு திசையிலிருந்து ஆதரவு வந்தது. ஹைதராபாத் ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்தத் துணைக்கண்டத்து மக்கள் பரவலாகக் கலந்தார்கள் என்றும், பிறகு அகமணத்துக்கு மாறினார்கள் என்றும் சொல்கிறது. கலப்பு முந்தியது, கதவு சாத்தியது பிந்தியது. இதைப் புரிந்துகொள்ள உயிரியல் பகுதியும் தெரிய வேண்டும். 'மனு சொன்னான், வேதம் சொன்னது' என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தால் நாளைக்கு மரபணுவைக் காட்டியே சாதிப்பெருமை பேச வருகிறவனுக்கு நம்மால் பதில் சொல்ல முடியாது.

அதே கொலம்பியாவைச் சேர்ந்த பார்னார்ட் கல்லூரியில் 1928இல் இளங்கலைப் பட்டம் பெற்ற இன்னொருவரையும் நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஜோரா நீல் ஹர்ஸ்டன், கறுப்பினப் பெண். அம்பேத்கர் பிறந்த அதே 1891இல் பிறந்தவர். போவாஸிடம் மானிடவியல் படித்தார். காலிப்பரை எடுத்துக்கொண்டு ஹார்லெம் தெருக்களில் தன் சொந்த மக்களின் தலையை அளந்தார். பிறகு தான் வளர்ந்த ஃபுளோரிடா ஊருக்கே கதை சேகரிக்கப் போனார். கையில் காசில்லை. மாதம் 200 டாலர் கொடுத்த ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியோடு 1927இல் போட்ட ஒப்பந்தப்படி, திரட்டியதெல்லாம் சீமாட்டிக்கே சொந்தம். சொந்த ஊர்க் கதை, சொந்த உழைப்பு, உடைமை இன்னொருத்தருக்கு!

ஆனாலும் ஹர்ஸ்டன் ஒரு காரியம் செய்தார். அமெரிக்காவுக்கு வந்த கடைசி அடிமைக்கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களில் உயிரோடு இருந்த குட்ஜோ லூயிஸ் என்ற முதியவரிடம் கேட்டு ஒரு நூல் எழுதினார். அந்த முதியவர் பேசிய பேச்சு எப்படியோ அப்படியே எழுதினார். திருத்தமான ஆங்கிலத்தில் மாற்றிக்கொடு என்றார்கள் பதிப்பாளர்கள். அவர் மாற்றவில்லை. 1931இல் எழுதி முடித்த நூல் 2018இல்தான் வெளிவந்தது. சேரிப் பேச்சை அச்சில் ஏற்றியதற்காக வாங்கிக் கட்டிக்கொண்ட நம் எழுத்தாளர்களுக்கு இது புரியும். தன் மக்களைப் பற்றி எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுதினால் இப்படி எழுத வேண்டும். பெயரோடு, அவர் குரலோடு, அவர் சொன்ன பொருளோடு.

6

இரண்டு எதிர்க்கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒன்று: நம்மைப் பொருளாக்கியது தவறென்றால், நாம் அக்கிரகாரத்தையும் ஊர்த்தெருவையும் ஆராய்வது மட்டும் சரியாகுமா? அதுவும் மனிதரைப் பொருளாக்குவதுதானே? நியாயமான கேள்வி. ஆனால் பார்ப்பதெல்லாம் ஒரே பார்வை இல்லை. ஆதிக்கத்தில் இருக்கிறவருக்கு எழுதப்பட்டதை மறுக்கிற வழி உண்டு. வக்கீல் உண்டு, பத்திரிகை உண்டு, பதிப்பகம் உண்டு. வயநாட்டுப் பெண்களுக்கு ஓடுவதைத் தவிர வேறென்ன வழி இருந்தது? 1972இலேயே லாரா நாடர் என்ற மானிடவியலாளர் தம் துறையினரைப் பார்த்துக் கேட்டார்: ஏழைகளையே சுற்றிச் சுற்றி வருகிறோமே, அதிகாரம் செய்கிறவர்களை ஏன் ஆராயவில்லை? இங்கே அந்தக் கேள்விக்கு இன்னும் போதுமான பதில் வரவில்லை. நம்மைப் பற்றி அலமாரி அலமாரியாக நூல்கள் இருக்கின்றன. ஒருவனுக்குச் சாதிவெறி அவன் வீட்டில், சாப்பாட்டு நேரத்தில், எந்த வயதில், யார் வாயால் ஊட்டப்படுகிறது என்பதைப் பற்றி எத்தனை நூல் இருக்கிறது?

இரண்டாவது கேள்வி நம்மை நோக்கித் திரும்புவது. நமக்கும் கீழே என்று இந்த அமைப்பு சிலரை வைத்திருக்கிறது. தலித்துகளுக்குத் துணி வெளுக்க என்று ஒதுக்கப்பட்ட புதிரை வண்ணார் இருக்கிறார்கள். மலம் அள்ளும் வேலையில் தள்ளப்பட்ட அருந்ததியர் இருக்கிறார்கள். பழங்குடியினர் இருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளை களப்பணிக்கு அவர்கள் தெருவுக்குப் போகும்போது அவள் யார்? தர்ஸ்டனா, அம்பேத்கரா? சென்னை அருங்காட்சியகத்தில் பின்னாளில் கண்காணிப்பாளரான ஏ. ஐயப்பன் கேரளத்து ஈழவர். 1937இல் நாயாடிகளைப் பற்றி எழுதினார். கண்ணில் பட்டாலே தீட்டு என்று எட்ட நிறுத்தப்பட்டு, தூரத்தில் நின்று கத்திப் பிச்சை கேட்ட மக்கள் அவர்கள். 1940களில் தன் சொந்தச் சாதியான ஈழவரைப் பற்றியும் எழுதினார். தீட்டு என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர், தன் சாதியும் ஒதுக்கிவைத்த சாதியைப் பற்றி எழுதும்போது இரண்டு பக்கமும் பதில் சொல்ல வேண்டியவராகிறார். நம் பிள்ளைகளுக்கும் அந்த இரட்டைப் பொறுப்பு உண்டு. கீழே பார்க்கும்போது கேள்வி கேட்கிறவராக மட்டுமல்ல, குற்றம் சாட்டப்பட்டவராகவும் போக வேண்டும். நம் தெரு அவர்களுக்கு என்ன செய்தது என்பதும் களக்குறிப்பேட்டில் ஏற வேண்டும்.

ஆகவே படிக்க வேண்டும் என்பதே என் முடிவு. இளங்கலையிலேயே படிக்க வேண்டும். பட்டமேற்படிப்புக்கு வரும்போது பார்வை இறுகிப்போயிருக்கும். 18 வயதில், வீட்டுப் பேச்சும் தெருப் பேச்சும் நாக்கில் இருக்கும்போதே, எலும்பைப் பற்றியும் உறவுமுறையைப் பற்றியும் சடங்கைப் பற்றியும் படித்தால், பாடம் சொல்வதும் தெரு சொல்வதும் எங்கே மோதுகின்றன என்று தானாகத் தெரியும். மோதும் இடத்தில் எழுந்து நின்று கேட்க வேண்டும். களப்பணிக்கு 'உங்க ஏரியாவையே எடுத்துக்கோம்மா, உனக்கு ஈசியா இருக்கும்' என்று யாராவது சொன்னால், எது எனக்கு ஈசி என்று நான் முடிவு செய்துகொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். எழுதியதை எழுதப்பட்டவர்களிடம் கொண்டுபோய்த் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். அவர்கள் 'இது இல்ல' என்றால் அதையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஆராய்வதற்குக் களமா இல்லை? ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மணமகள் தேவை விளம்பரம் ஒரு களம். 'எஸ்சி / எஸ்டி தவிர' என்ற மூன்று சொல்லில் அம்பேத்கரின் 1916 கட்டுரை முழுக்க இருக்கிறது. சாதிச் சங்கத் திருமண மண்டபத்தின் நன்கொடையாளர் கல்வெட்டு ஒரு களம். கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று பஞ்சாயத்து நடக்கும் இரவு ஒரு களம். சுடுகாட்டுப் பாதையை மறித்துக் கட்டிய வேலியும், அந்த வேலிக்குப் பட்டா கொடுத்த அலுவலகமும் களம்தான். பள்ளிக்கூடத்துப் பையன் கையில் கலர் கயிறு கட்டிவிடுகிற தாய்மாமனும் களம்தான். இங்கெல்லாம் நாம் தகவலாளியாகவே வெகுகாலம் நின்றோம். இனி நோட்டுப்புத்தகத்தோடு போவோம். எழுதியதன் கீழே நம் பெயரைப் போட்டு, கேட்கிறவர்களுக்குப் பதிலும் சொல்லுவோம்.